நிரப்பிய இடங்களின் சாட்சி: அதிகாரி நியமனப் பத்திரமும் பாராமகால் சான்றும்

விக்டோரியா காலக் கடற்படை அதிகாரி ஒருவரின் கமிஷன், அதாவது நியமனப் பத்திரம், சேகரிப்பாளர் கைக்கு வரும்போது விலையைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் கப்பலின் பெயரும் கீழேயுள்ள கையொப்பமும்தான். வாசகம் அச்சிட்டது, எல்லோருக்கும் பொது. பெயர், பதவி, கப்பல், நாள் ஆகியவற்றுக்கு விட்ட இடங்களை மட்டும் எழுத்தர் மையால் நிரப்பியிருப்பார். கையொப்பமும் அரசியுடையதன்று, அட்மிரால்டி ஆணையர்களுடையது. தரைப்படைப் பத்திரங்களில்தான் அரசி கையொப்பமிடுவது மரபு. கையொப்பத்துக்குக் காத்து அவை தேங்கிப்போனதால் 1862-இல் தனிச் சட்டம் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. எனவே பத்திரத்தின் வரலாற்று மதிப்பு நிரப்பிய இடங்களில் இருக்கிறது. உடன் பிறந்த காகிதங்கள் அருகில் இல்லாவிட்டால் அந்த இடங்களும் வாய் திறப்பதில்லை.

அரசு முத்திரை பெற்ற ஆவணத்துக்கு வேறு துணை எதற்கு என்று கேட்கலாம். முத்திரை உறுதிசெய்வது உரிமையை, செயலை அன்று. இதைக் கடலே காணாத கிருஷ்ணகிரிச் சீமையில் தெளிவாகப் பார்க்கலாம். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால், கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி வசமானபோது, அதை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ, மெக்லியாட், கிரஹாம் ஆகியோரும் படை அதிகாரிகள். 1780-இல் காலாட்படைப் பயிற்சி வீரராக (கேடட்) சென்னையில் இறங்கிய மன்றோவின் படை நியமனத்தை எத்தனை முறை படித்தாலும், நிலத்தை அளந்து குடியானவரோடு நேரடியாக வரி பேசிய மன்றோ அதில் தென்படமாட்டார். அப்படி நேரடியாக வரி பேசும் ரயத்துவாரி முறை உருவான கதை, பின்னர் சென்னை அரசு அச்சிட்ட பாராமகால் ஆவணத் தொகுதிகளில், அந்த அதிகாரிகளின் கடிதங்களிலும் கணக்குகளிலும் இருக்கிறது. பத்திரம் மட்டும் எஞ்சியிருந்தால் நமக்கு மிஞ்சியிருப்பது ஒரு சிப்பாய் அதிகாரிதான்.

கடற்படையில் இந்த இழப்பு இன்னும் கூடுதல். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஒவ்வொரு கப்பலுக்கும் புதுப் பத்திரம் கொடுத்தார்கள். அவற்றை வரிசையாக வைத்தால் ஒருவரின் பணிக்காலமே விரியும். ஒவ்வொன்றாக விற்றால் வரிசை அறுந்துபோகும். சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் இவை எடைக்குப் போயிருக்கும் என்ற மறுப்பில் உண்மை உண்டு, அந்த நன்றியை நான் மறுக்கவில்லை. ஆனால் தாளைக் காப்பாற்றுவதோடு, அது இருந்த காகிதக் கட்டையும் காப்பாற்ற வேண்டும். எழுபத்தைந்து ஆண்டு கடந்த வரலாற்று ஆவணத்தை இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டம் தொல்பொருளாகவே கருதுகிறது. தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. நாட்டுக்குள் கட்டைப் பிரிக்காதே என்று மட்டும் சட்டம் சொல்வதில்லை. ஓசூர்ப் பகுதிக்கு இது சிறு குறையன்று. பாராமகால் 1792-இலும், ஓசூர் அடங்கிய பாலாகாட் 1799-இலும் கைமாறியதால், இவ்வட்டாரத்தின் பழைய காகிதங்களைச் சென்னையிலும் கர்நாடகத்திலும் லண்டனிலும் தேட வேண்டியிருக்கிறது. இனியும் ஒரு கட்டு உடைய நேர்ந்தால், உடையும் முன் ஒவ்வொரு தாளையும் இரு பக்கமும் படமெடுத்து, எது எதனோடு இருந்தது என்று பட்டியலிட வேண்டும். மடித்த தடமும், பிற்காலத்தில் யாரோ எழுதிவைத்த குறிப்பும் பின்பக்கத்தில்தான் இருக்கும். சட்டகமிட்டுச் சுவரில் மாட்டியதும் முதலில் மறைவது அந்தப் பக்கம்.