சாப்பாவும் ஒழுங்கும்

சுள்ளிக்கல்லில் வாழும் நாம் மட்டாஞ்சேரிக்கு அடிக்கடி சென்று வருகின்றோம். அங்கே 1953 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15 ஆம் நாள் துறைமுகத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது என்பதை நம் இளைஞருள் எத்துணைப் பேர் அறிவர்?

அந்நாளில் கொச்சித் துறைமுகத்தில் 'சாப்பா' என்றொரு முறை நிலவியது. சாப்பா என்பது ஓர் உலோக வில்லை. அது கிடைத்தவனுக்கே அன்று வேலை. வேலை தேடிக் காத்து நிற்கும் கூட்டத்தின் நடுவே மூப்பன் வில்லைகளை வீசி எறிவான். பசித்தோர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பொறுக்குவர். கிடைக்காதோர் வெறுங்கையுடன் வீடு திரும்புவர்.

இக்கொடுமையை எதிர்த்து எழுந்த வேலைநிறுத்தம் இரண்டு திங்களுக்கு மேல் நீண்டது. அப்போராட்டத்தில் சைது, சைதலவி, ஆண்டனி என்னும் மூவர் உயிர் நீத்தனர்.

நாள்தோறும் நிகழ்ந்த அத்தள்ளுமுள்ளை எவரும் கலகம் என்றிலர். சரக்கு ஏறியது, கப்பல் புறப்பட்டது, ஆதலின் அது ஒழுங்கு எனப்பட்டது. அதே மனிதர் ஒருவரை ஒருவர் மிதிப்பதை விடுத்து ஒன்றாய் நின்ற அன்றுதான் ஒழுங்கு குலைந்ததாம்! என்னே விந்தை!

இலண்டன் மாநகரிலும் கப்பல் துறையின் வாயிலில் இவ்வாறே கூலிகள் முட்டி மோதினர். 1889 இல் அவர்கள் மணிக்கு ஆறு பென்சு கூலி கேட்டு வேலையை நிறுத்தி, அணிவகுத்து ஊர்வலம் சென்றனர். அதனைக் கண்ட நடுத்தர வகுப்பாரும் மனமிரங்கிப் பொருளுதவி செய்தனர். ஏறத்தாழ ஐந்து வாரத்தில் கோரிக்கை வென்றது.

நம்மில் பலர் கடை உடையோர்; பலர் திங்கள் ஊதியம் பெறுவோர். கடைக்கதவு சாத்தப்படும்போது, 'நாடு கெட்டது' என்று நாம் சலித்துக்கொள்கின்றோம். நாம் இழப்பது ஒருநாள் வாணிகம். சாப்பா கிடைக்காதவன் இழந்தது ஒருநாள் உணவு. இருக்கும் நிலையால் நலம் பெறுவோர்க்கு அமைதியே அறமாகத் தோன்றும். அதனால் நலிவோர்க்கோ அது விலங்காகத் தோன்றும். கல்லெறிதலை நாம் போற்றவில்லை. அதனால் முதலில் அடிபடுபவனும் ஏழையே. ஆயினும் காரணத்தை ஆராயாது கலகத்தை மட்டும் பழித்தல் நீதியாகாது.

துறைமுகத் தொழிலாளர் வேலையை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1948 இலேயே இயற்றப்பட்டது. கொச்சியில் சாப்பா ஒழிந்ததோ 1962 இல். ஏட்டில் இருந்த ஒழுங்கு துறைக்கு வந்து சேரப் பதினான்கு ஆண்டுகளும் மூன்று உயிர்களும் வேண்டியிருந்தன.

இனி ஒரு கூட்டத்தைக் கலகக் கூட்டம் என்று நாம் கூறுமுன், அதற்கு முந்தைய நாள் அம்மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்று கேட்போமாக.