புழுவெட்டின் காரணம் தேடிய வரலாறு

வட்டவட்டமாக முடி கொட்டும் புழுவெட்டைப் பற்றிய பழைய தெளிவான குறிப்புகளில் ஒன்று கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியர் செல்சஸ் எழுதியது. அதில் அவர் இரு வகை சொல்கிறார். ஒன்று எந்த வயதிலும் வரும். மற்றொன்று பிடரியில் தொடங்கிக் காதுகளை நோக்கி வளைந்து போகும். பெரும்பாலும் குழந்தைகளுக்கே வரும். ஓபியாசிஸ் என்ற பெயரில் அது இன்றும் பாடநூல்களில் இருக்கிறது, எளிதில் மசியாத வகையாக. எரிச்சலூட்டும் மருந்தைத் தேய்ப்பதும் தினமும் மழிப்பதும் அவர் சொன்ன வைத்தியம். நம்மூரில் சின்ன வெங்காயம் தேய்ப்பதும் அந்த வழிதான்.

1843இல் பாரிஸில் குரூபி என்ற மருத்துவர், தலைப் படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையைக் கண்டார். ஆனால் அதைப் புழுவெட்டின் மேல் ஏற்றிவிட்டார். இந்தக் குழப்பத்தின் விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள்: தொற்றுநோய் என்ற அச்சத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். 1902இல் ஜாக்கே என்பவர் பழியைப் பற்கள்மீது போட்டார். நரம்புக் கோளாறு என்றவர்களும் உண்டு.

1952இல் டில்லாஹா, ராத்மன் இருவரும் கார்ட்டிசோன் மாத்திரை கொடுத்து முடியை வளரவைத்தார்கள். ஆனால் நிறுத்தினால் கொட்டியது. நீண்ட நாள் கொடுத்தால் குழந்தையின் வளர்த்தியே குன்றும். உடலே தன் மயிர்க்கால்களைத் தாக்குகிறது என்ற கருத்தை ராத்மன் 1958இல் முன்வைத்தார். நுண்ணோக்கியில் பார்த்தால், வெள்ளணுக்கள் மயிர்க்காலின் அடியைத் தேனீக்கூட்டம்போல மொய்த்திருக்கும். மயிர்க்கால் அழிவதில்லை, ஆண்டுகள் கழித்தும் முடி முளைக்கக்கூடும். 1970களில் தோலில் வேண்டுமென்றே ஒவ்வாமையை உண்டாக்கும் ரசாயனப் பூச்சு வந்தது. செல்சஸின் எரிச்சல் வைத்தியம் புது விளக்கத்தோடு திரும்பியது என்றே சொல்லலாம்.

மரபணு விடை 2010இல் கிடைத்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆஞ்சலா கிறிஸ்டியானோ, தானும் இந்த நோய்க்கு ஆளானவர். அவருடைய குழு ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை மூவாயிரத்துக்கு மேற்பட்ட பிறரோடு ஒப்பிட்டது. நோய் எதிர்ப்போடு தொடர்புடைய எச்.எல்.ஏ. பகுதியோடு, 6ஆம் குரோமோசோமில் யு.எல்.பி.பி. என்ற மரபணுத் தொகுதியும் சிக்கியது. கொல்லும் அணுக்களை மயிர்க்காலுக்கு வரவழைக்கும் அபாயக் குறிகளை உருவாக்குபவை இந்த யு.எல்.பி.பி. மரபணுக்கள். முதல் வகை நீரிழிவு, முடக்குவாதம் ஆகியவற்றோடும் பல மரபணுக்கள் பொதுவாக இருந்தன. ஒரே ஒரு மரபணுவின் வேலையல்ல இது. ஒரே கரு இரட்டையரில்கூட ஒருவருக்கு மட்டும் வருவதுண்டு.

அந்தக் கொல்லும் அணுக்களின் சமிக்ஞைப் பாதையை அடைக்கும் ஜாக் தடுப்பு மருந்துகளால் முடி வளர்வதை அதே குழு 2014இல் காட்டியது. அமெரிக்காவில் 2022இல் பெரியவர்களுக்குப் பாரிசிட்டினிப், 2023இல் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ரிட்லெசிட்டினிப் அனுமதி பெற்றன. இவற்றையும் நிறுத்தினால் பலருக்கு மறுபடி கொட்டுகிறது. தொற்று, ரத்த உறைவு பற்றிய எச்சரிக்கையும் உண்டு. 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு, தலையில் போடும் ஸ்டீராய்டு ஊசியின் வலி தாங்காது என்பதால், ஸ்டீராய்டு களிம்புதான் பெரும்பாலும் முதல் மருந்து. ஓரிரு வட்டங்களோடு நின்றால் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முளைத்துவிடுகிறது.