அப்பாவின் ஜாவாவை மைசூரு ஆலையிலிருந்து வந்தபடியே மீட்க முடியுமா?

வீட்டுப் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு ஜாவாவோ யெஸ்டியோ உங்களிடம் இருந்தால், இரண்டு யோசனைகளில் ஒன்று நிச்சயம் காதில் விழுந்திருக்கும். ஒன்று, "எடைக்குப் போட்டுரு". இன்னொன்று, "ரீஸ்டோர் பண்ணு, நல்ல விலைக்குப் போகும்". முதல் யோசனையைக் கேட்டால் வண்டி போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதைக் கேட்டும் வண்டியை இழக்கலாம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. பளபளவென்று திரும்பி வரும் வண்டியில், ஆலையிலிருந்து வந்த பாகம் பாதிகூட மிஞ்சாமல் போவதுண்டு. சில நேரம் சட்டத்தின் கண்ணுக்கும் அது வேறு வண்டியாகிவிடும்.

'ஒரிஜினல் ஃபேக்டரி ஸ்பெக்' என்று வாங்குபவரும் விற்பவரும் மெக்கானிக்கும் சொல்கிறார்களே, அது உண்மையில் என்ன? எங்கே செலவு செய்யலாம், எங்கே கை வைக்கவே கூடாது?

யாதவகிரியில் பிறந்த வண்டி

ஜாவா என்பது செக் நாட்டுப் பெயர். 1929-ல் ஃபிரான்டிஷெக் யானெச்செக் என்பவர், ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் பிரிவை வாங்கி, தன் பெயரின் முதல் எழுத்துகளையும் வாண்டரரின் முதல் எழுத்துகளையும் சேர்த்து வைத்த பெயர் அது.

அதை மைசூருக்குக் கொண்டுவந்தவர்கள் பம்பாயைச் சேர்ந்த இரானி குடும்பத்தினர். ஐடியல் ஜாவா (இந்தியா) நிறுவனம் 1960-ல் உருவானது. யாதவகிரியில் ஆலை எழுந்தது. 1961-ல் அதைத் திறந்துவைத்தவர், அப்போது மைசூரு மாநில ஆளுநராக இருந்த ஜெயசாமராஜேந்திர உடையார். முன்னாள் மகாராஜா திறந்துவைத்த ஆலை என்ற பெருமை அந்த ஊர்க்காரர்களுக்கு இன்றும் உண்டு. செக் நிறுவனத்தின் உரிமத்தோடு ஜாவா 250 இங்கே தயாரானது. உரிமக் காலம் முடிந்த பிறகு, 1973 முதல் அதே ஆலை 'யெஸ்டி' என்ற சொந்தப் பெயருக்கு மாறியது. 1978-ல் ரோட்கிங் வந்தது. 1996-ல் ஆலை மூடப்பட்டது.

இடையில் இன்னொரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2018-ல் மஹிந்திரா குழுமத்தின் கிளாசிக் லெஜண்ட்ஸ் மீண்டும் கொண்டுவந்த ஜாவா, பெயரிலும் சாயலிலும் மட்டுமே பழைய ஜாவா. அது மத்தியப் பிரதேசத்தின் பிதம்பூரில் தயாராகும் 4 ஸ்ட்ரோக், தண்ணீரால் குளிரும் என்ஜின். பழையதோ 2 ஸ்ட்ரோக், காற்றால் குளிர்வது. ஷோரூமில் போய் "பழைய ஜாவாவுக்குப் பிஸ்டன் இருக்கா?" என்று கேட்டால் ஏமாற்றம்தான்.

'ஒரிஜினல்' எந்த வருஷத்து ஒரிஜினல்?

இங்கேதான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். ஐடியல் ஜாவா முப்பத்தைந்து ஆண்டுகள் வண்டி செய்தது. தொடக்கத்தில் செக் நாட்டிலிருந்து வந்த பாகங்கள் அதிகம். போகப் போக உள்நாட்டுப் பாகங்கள் ஏறின. டேங்கின் வடிவம், சாவி போடும் இடம், சீட், சைலன்சர், பின்விளக்கு என ஒவ்வொன்றும் காலத்துக்குக் காலம் மாறியது. 1962 வண்டிக்குச் சரியான விளக்கு, 1970 வண்டிக்குத் தவறான விளக்கு. அந்தக் காலத்து ஆலைகளில், கையிருப்பு தீரும்வரை பழைய பாகமும் புதியதும் கலந்தே ஏறுவதும் சகஜம்.

அதனால் வண்டியைப் பிரிக்கும் முன்பு செய்யவேண்டிய முதல் வேலை ஸ்பேனர் வேலை அல்ல, தேடல் வேலை. ஆர்.சி.யில் உற்பத்தி ஆண்டைப் பாருங்கள். அந்த ஆண்டுக்கான உரிமையாளர் கையேடு, பாகங்களின் படப் பட்டியல், பத்திரிகை விளம்பரம் எது கிடைத்தாலும் சேருங்கள். குடும்ப ஆல்பத்தைப் புரட்டுங்கள். கல்யாணமான புதிதில் அப்பாவும் அம்மாவும் வண்டி மேல் உட்கார்ந்து எடுத்த ஒரு கருப்பு வெள்ளைப் படம், எந்த மெக்கானிக்கின் ஞாபகத்தையும்விட நம்பகமான சாட்சி. எல்லாவற்றிலும் சிறந்தது, அதே ஆண்டைச் சேர்ந்த, யாரும் கை வைக்காத இன்னொரு வண்டி. ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஜாவா–யெஸ்டி ஆர்வலர்கள் ஒன்றுகூடும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. மைசூரு, பெங்களூரு பக்கம் இருப்பவர்கள் அன்று ஒரு கேமராவோடு போனால் போதும், பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

பெயின்ட்டில் கை வைக்கும் முன்

பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பதுதான் ரீஸ்டோரேஷன் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. உலக அளவில் பழைய வாகனங்களுக்கான கூட்டமைப்பான ஃபிவா, 2012-ல் ஏற்றுக்கொண்ட துரின் சாசனத்தில் வேறு மாதிரிச் சொல்கிறது. முதலில் பாதுகாப்பு, முடியாத இடத்தில் மட்டும் புதுப்பிப்பு என்பதே அதன் சாரம். ஆலையில் அடித்த பெயின்ட் ஒரு முறைதான் இருக்கும். சுரண்டிவிட்டால் அவ்ளோதான்.

எனவே துரு ஓட்டை போடாத டேங்கும் மட்கார்டும், மங்கலாக இருந்தாலும் பழைய நிறத்தோடு இருந்தால், மெழுகு போட்டுத் தேய்த்து அப்படியே விடுவது பற்றி யோசியுங்கள். டேங்க் பக்கவாட்டில் கையால் இழுத்த மெல்லிய கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கோட்டின் அகலம், விளிம்பிலிருந்து உள்ள தூரம் எல்லாவற்றையும் அளந்து எழுதிவையுங்கள். இன்று அதே இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்; தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். முழுசாகப் பெயின்ட் அடித்தே ஆகவேண்டும் என்றால், வெயில் படாத இடத்திலிருந்து நிறத்தை எடுங்கள். சீட்டுக்கு அடியில், டேங்கின் அடிப்புறத்தில் அசல் நிறம் உறங்கிக்கொண்டிருக்கும்.

குரோம் விஷயத்தில் எதிர்த் தவறு நடக்கிறது. ஆலையில் குரோம் பூசாத நட்டு, போல்ட், லிவர்களுக்கெல்லாம் சேர்த்துக் குரோம் பூசிவிடுகிறார்கள். வண்டி கல்யாணப் பெண் மாதிரி ஜொலிக்கும், ஆனால் மைசூரு ஆலையிலிருந்து அப்படி ஒரு வண்டி வந்ததே இல்லை. நல்ல குரோம் என்பது அடியில் செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியில் மெல்லிய குரோமியம் என மூன்று அடுக்கு. செம்பையும் நிக்கலையும் மிச்சம் பிடித்தால் ஒரு மழைக்காலத்தில் துரு எட்டிப் பார்க்கும். டேங்குக்குக் குரோம் பூசக் கொடுக்கும்போது ஒடுக்கு எடுப்பது, பாலிஷ் போடுவது, பூசுவது மூன்றும் ஒரே இடத்தில் நடக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தவறு யாருடையது என்பதில் கடைசியில் மூன்று பேரும் கைவிரிப்பார்கள்.

என்ஜினும் அந்த எண்ணும்

ஜாவா 250 என்ஜின் எளிமையானது. ஒரே சிலிண்டர், 65 மி.மீ. போர், 75 மி.மீ. ஸ்ட்ரோக், இரண்டு சைலன்சர். கிக்கர் அடித்து ஸ்டார்ட் செய்த பிறகு அதே குச்சியை உள்ளே அழுத்தி முன்னால் திருப்பினால் அதுவே கியர் லிவர். கியர் மாற்றும்போது கிளட்ச் தானாக விடுபடும் ஏற்பாடும் உண்டு. புதிதாக ஓட்டுபவர்கள் ஆச்சரியப்படுவது இந்த இடத்தில்தான். பல வண்டிகளில் இந்தத் தானியங்கி ஏற்பாட்டின் அமைப்பு (செட்டிங்) தப்பி, "இது வேலை செய்யாதுங்க" என்று கழற்றியே போட்டிருப்பார்கள். ஆலைத் தரம் வேண்டும் என்றால் அதையும் மீட்கவேண்டும்.

2 ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் போய் அங்கே அழுத்தப்பட்டுத்தான் மேலே ஏறும். கிராங்க் ஆயில் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, கலவை நீர்த்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துவிடும். பெயின்ட்டுக்கு ஐம்பதாயிரம் செலவழிப்பவர் இந்தச் சீலுக்குக் கணக்குப் பார்ப்பது வேடிக்கை. சிலிண்டரை அடுத்த அளவுக்குப் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது அந்தக் காலத்து ஆலையே எதிர்பார்த்த பராமரிப்பு. அதை யாரும் 'ஒரிஜினல் போச்சு' என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் கிராங்க் கேஸை மாற்றுவது வேறு விஷயம். என்ஜின் எண் குத்தியிருப்பது அதில்தான். அதில் விரிசல் இருந்தால், வேறொரு வண்டியின் கேஸை மாட்டுவது மலிவான வழி. நல்ல அலுமினிய வெல்டரிடம் கொடுப்பது சரியான வழி. எண் இருக்கும் இடத்தில் உப்புத்தாள், பஃபிங், மணல் பீச்சல் எதுவும் படக்கூடாது. பெயின்டரிடம் சட்டத்தைக் கொடுக்கும்போது அந்த இடத்தில் டேப் ஒட்டிக் கொடுங்கள், வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. தேய்ந்த எண்ணைத் 'தெளிவாக' மறுபடி குத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், உடனே வண்டியைத் திருப்பி எடுத்துவந்துவிடுங்கள். திருட்டு வண்டி என்ற சந்தேகம் விழ அது ஒன்று போதும்.

இன்னொரு எச்சரிக்கை, உடம்புக்கானது. பழைய பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்து வாயால் ஊதுவதும், ஏர் அடிப்பதும் வேண்டாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

6 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றலாமா என்று கேட்பார்கள். காட்சிக்கு வைக்கும் வண்டி என்றால் வேண்டாம். இரவில் ஓட்டுவீர்கள் என்றால் மாற்றுங்கள், அந்த மங்கல் விளக்கை நம்பி நெடுஞ்சாலைக்குப் போவது வீரம் இல்லை. ஒரே நிபந்தனை: எதையும் அறுக்கக் கூடாது, துளை போடக் கூடாது. கழற்றிய டைனமோவும் காயிலும் ஒரு பெட்டியில் வண்டியோடு இருக்கட்டும். நாளை யாராவது திரும்ப மாட்ட முடியவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட, ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. ரீஸ்டோர் செய்பவருக்கு இது எதிரி அல்ல. ஆலைத் தரத்துக்குத் திரும்புவதுதானே நோக்கம்? சிக்கல் வருவது வேறு என்ஜின் ஏற்றும்போதும், சட்டத்தை வெட்டி பாபர் ஆக்கும்போதும்தான்.

2021 ஜூலையில் மத்திய அரசு 'விண்டேஜ்' வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதில் வரும். அசல் வடிவத்தில் இருக்கவேண்டும்; சேசிஸ், பாடி, என்ஜினில் மாற்றம் செய்யும் பெரிய வேலை நடந்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் எண் கிடைக்கும்.

கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, விண்டேஜ் ரேலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரணங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஆபீசுக்கோ காய்கறி வாங்கவோ போக முடியாது. அதனால் ஓட்ட ஆசைப்படுபவருக்கு என் யோசனை: ஃபிட்னஸ் காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள். 20 ஆண்டு கடந்த பைக்குக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. மாநில வரிகள் தனி. ரோட்கிங் வைத்திருப்பவர்களுக்கு இப்போதைக்கு இந்தக் கேள்வியே இல்லை. முதல் ரோட்கிங்குக்கே 50 வயது ஆவது 2028-ல்தான்.

வேலை தொடங்கும் முன் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இறந்துபோன அப்பா அல்லது தாத்தா பெயரில் இருந்தால் முதலில் வாரிசுப் பெயருக்கு மாற்றுங்கள். பழைய காகித ஆர்.சி. என்றால், அந்த விவரம் 'வாகன்' கணினித் தளத்தில் ஏறியிருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். ஏறாவிட்டால் பழைய பதிவேட்டைத் தேடி ஏற்றவேண்டும். வேறு மாநில வண்டி என்றால் என்.ஓ.சி. வேண்டும். புத்தம் புதுசாக ஜொலிக்கும் வண்டியை வைத்துக்கொண்டு காகிதத்துக்காக அலைவதைவிட, துருப்பிடித்த வண்டியை வைத்துக்கொண்டு அலைவது பரவாயில்லை. மனசு அவ்வளவு வலிக்காது.

பார்ட்ஸும் பெட்ரோலும்

ஆலையிலிருந்து வந்து பயன்படாமலே கிடக்கும் பழைய பாகங்கள் மைசூரு, பெங்களூரு ஜே.சி. ரோடு, சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைக் கடைகளில் எப்போதாவது கிடைக்கும். அட்டைப் பெட்டி புதுசாக, அச்சு கூர்மையாக இருந்தால் உஷாராகுங்கள். பாகத்தைவிடப் பெட்டிக்கு டூப்ளிகேட் போடுவது சுலபம். செக் நாட்டில் இன்றும் பழைய ஜாவாவுக்குப் பாகங்கள் தயாராகின்றன. என்ஜின் பாகங்களுக்கு அவை நல்ல வழி. ஆனால் மைசூரு வண்டியின் விளக்கும் சீட்டும் செக் வண்டியைப் போலவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். மாட்டித் தராத பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேய்ந்த கியரைக்கூட மாதிரி காட்ட லேத் பட்டறைக்குக் கொண்டுபோகத் தேவைப்படும்.

வண்டி ஓட ஆரம்பித்த பிறகு வரும் தொல்லை பெட்ரோல். இப்போது பம்புகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். பெட்ரோல் டியூபையும் வாஷர்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். வெளியே தெரியாத இந்த மாற்றத்தைக் குறை சொல்பவர் யாரும் இல்லை. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்ப்பரேட்டரை வடித்துவிடுங்கள். 2டி ஆயிலை லிட்டருக்குச் சுமார் 40 மி.லி. அளந்து ஊற்றுங்கள், கண் அளவு வேண்டாம். புதிதாகப் போர் செய்த சிலிண்டர் என்றால் முதல் சில நூறு கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டுங்கள். சாமுண்டி மலை ஏற ஆசையாகத்தான் இருக்கும், அதுக்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.