ஒரு முடி, ஒரு ஊசி, 150 வருஷம்

படுவான்கரையில கூத்து நடக்கிற நாளில, திரௌபதிக்கு ஆடுற அண்ணன் பின்னேரமே மீசை தாடியை வழிச்சிட்டு வந்து இருப்பார். ஊரே பார்க்கும், ஒருத்தரும் சிரிக்கிறதில்லை. ஆனா அதே களரியைச் சுத்தி இருக்கிற ஒரு பிள்ளைக்கு நாடியில நாலு முடி இருந்தா, "மீசைக்காரி" எண்டு பேர் வைக்க ஒரு நிமிசம் காணும்.

எங்கட கூட்டத்தில ஒருத்திக்கு அந்தப் பேர் இருந்தது. கொக்கட்டிச்சோலையில இருந்து மண்முனைப் பாலம் தாண்டி கெம்பஸுக்கு வாறவள். விடிய நாலு மணிக்கு, மற்றவங்க எழும்ப முதல் சவரம் செய்து முடிச்சிடுவாள். போன வருஷம் காசு சேர்த்து ஒன்லைனில ஒரு கருவி எடுத்தாள். சாவணம் மாதிரி இருக்கும், முடியைப் பிடிச்சா கரண்ட் வேர் வரைக்கும் போய் நிரந்தரமா அழிக்கும் எண்டு பெட்டியில போட்டிருந்தது. மூண்டு மாசம் செய்தாள். ஒரு முடியும் குறையேல்ல. "இது ஏமாத்தா, இல்ல நான் பிழையாச் செய்றனா?" எண்டு கேட்டாள். பதில் தேடப்போய்த்தான் நாங்க இந்த வரலாற்றுக்குள்ள விழுந்தம்.

கண் வைத்தியரின் பற்றரி

இது அழகுக்காகத் தொடங்கின விஷயமே இல்லை. அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரத்தில சார்ள்ஸ் மிஷெல் எண்டொரு கண் வைத்தியர் இருந்தார். இமை முடி உள்பக்கமா வளர்ந்து கண்ணைக் குத்துற நோயாளிகள் அவரிட்ட வந்தார்கள். பிடுங்கினால் திரும்ப முளைக்கும், பார்வையே போகலாம். அவர் மெல்லிய ஊசியொன்றைப் பற்றரியில இணைத்து, முடி முளைக்கிற குழிக்குள்ளேயே விட்டார். வேர் செத்தது. 1875இல அதை எழுதி வெளியிட்டார். சில வருஷத்துக்குள்ள தோல் வைத்தியர்கள் அதைப் பெண்களின் முகத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

உள்ளே நடப்பது ஓ.எல் விஞ்ஞானத்தில படிச்ச அதே மின்பகுப்புத்தான். உப்புத் தண்ணிக்குள்ள நேரோட்டம் விட்டா, மறை முனையில சோடியம் ஐதரொட்சைட்டு உண்டாகும். எங்கட உடம்பும் உப்புத் தண்ணிதானே. ஊசி மறை முனை, கையில பிடிக்கிற ஈரத்துண்டு நேர் முனை. ஊசி நுனியில துளியளவு எரிசோடா உண்டாகி வேரைக் கரைக்கும். வேரைக் கொல்வது அந்தக் காரம்தான்.

இப்ப அவளின்ர கேள்விக்கு வருவம். காய்ந்த முடி கரண்டைக் கடத்தாது. அதனால சாவணத்தால முடியைப் பிடிச்சு எவ்வளவு நேரம் இருந்தாலும், கரண்ட் வேருக்குப் போய்ச் சேராது. பிழை அவளில இல்லை. ஊசி உள்ளே போகாட்டில் அது மிஷெல் செய்த வேலையே இல்லை.

அவசரம் கேட்ட விலை

ஊசி முறை மெதுவானது, ஒவ்வொரு முடியாத்தான் செய்யலாம். அதனால எல்லாரும் குறுக்கு வழி தேடினார்கள். எக்ஸ்ரே கண்டுபிடிச்சு ஒரு வருஷம் முடிய, 1896இல, வியன்னாவில லெயோபோல்ட் ஃப்ரொயின்ட் ஒரு சிறுமியின் முதுகில இருந்த முடியைக் கதிரால உதிர்த்தார். 1920களில நியூயோர்க்கின் அல்பேர்ட் கெய்ஸர் 'ட்ரைக்கோ' எண்ட எக்ஸ்ரே இயந்திரத்தை அழகு நிலையங்களுக்குக் கொடுத்தார். நோவில்லை, ஊசியில்லை. பெண்கள் வரிசையில வந்தார்கள். வருஷங்கள் கழிச்சு அதே முகங்களில தோல் சுருங்கி, புண்ணாகி, சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. 1930களின் தொடக்கத்தில 'கொரெம்லு' எண்ட கிறீம் வந்தது. அதில இருந்தது தாலியம், எலி மருந்தில போடுற நஞ்சு. பூசின பெண்களின் நரம்பு பாதிச்சு, கால் வழங்காமல் போனது.

அவர்களை "அழகுப் பைத்தியம்" எண்டு சொல்றது லேசு. நாலு மணிக்கு எழும்புற எங்கட தோழியைப் பார்த்த பிறகு எங்களால அப்படிச் சொல்ல முடியேல்ல.

வீட்டில தொடங்கிறதெண்டா

1924இல பிரான்சின் ஹென்றி போர்தியே உயர் அதிர்வெண் கரண்டின் சூட்டால வேரை எரிக்கிற முறையைக் கொண்டுவந்தார். இப்ப நிலையங்களில இருப்பது பெரும்பாலும் அந்தச் சூடு, அல்லது சூடும் காரமும் கலந்த முறை. வீட்டுக்கெண்டு விற்கிற, 9 வோல்ட் பற்றரியில ஓடுற ஊசிப் பேனாக்கள் மிஷெலின் பழைய வழியில போறவை. தொடங்க நினைக்கிற ஆக்களுக்கு அந்த வரலாறு சொல்றது இவ்வளவும்தான்:

முதல் வேலை ஊசி இல்லை, வைத்தியர். திடீரெண்டு நாடியில முடி வந்தால், மாதவிலக்கும் குழம்பினால், ஹோமோன் காரணமாக இருக்கலாம். கம்பஹா மாவட்டத்தில செய்து 2008இல வெளியான ஆய்வில, 15–39 வயதுப் பெண்களில 6.3 வீதமானவர்களுக்கு சூலகக் கட்டி நோய்க்குறி எனப்படும் பிசிஓஎஸ் இருந்தது. அதைப் பார்க்காமல் ஊசி குத்தினால் புது முடி வந்துகொண்டே இருக்கும்.

சுவர்ப் பிளக்கில செருகிற எதையும் இதுக்குத் தொடக்கூடாது. கரண்டின் அளவு மில்லி அம்பியரின் சிறு பங்குதான். முனை மாறி இணைச்சால், உருக்கு ஊசியின் இரும்பு தோலுக்குள்ள கறுப்பாப் பதியலாம். ஊசி ஒருதருக்கு மட்டும், கிருமி நீக்கினது, ஒருமுறைக்குத்தான். மச்சத்திலயும் கண்ணுக்குக் கிட்டவும் வேண்டாம். காயம் தடிச்சு வளர்ற தோலுள்ளவர்கள், கர்ப்பிணிகள், இதயத்தில பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தொடவே வேண்டாம். முகத்தில தொடங்காமல் காலில பழகவேணும். வேர் செத்திருந்தால் முடி இழுக்காமலே வழுக்கி வரும். இழுபட்டு வந்தால் அது வெறும் பிடுங்கல்தான்.

ஒரு நேரத்தில வளர்ந்துகொண்டிருக்கிற முடியில மட்டும்தான் இது சரியாப் பிடிக்கும். அதனால ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகவேணும், ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகலாம்.

இதையெல்லாம் வாசிச்சுக் காட்டினபோது அவள் கேட்டது ஒண்டுதான்: "அப்ப நான் மடைச்சி இல்லையா?" இல்லை எண்டு சொன்னம். அடுத்த கிழமை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு நாங்களும் கூடப் போனம். ஊசிப் பேனா வாங்கிறதா, சும்மா விடுறதா எண்டு அவள் இன்னும் முடிவெடுக்கேல்ல. ஆனா இந்தமுறை கூத்துக்கு வந்தாள், சால்வையால நாடியை மூடாமல்.