மாட்டுக்கொட்டகையில் கிடந்த சைடுகார்

போன சித்திரையில், குறுவைக்கு முன்னால வயல் சும்மா கிடந்த நாட்கள்ல, அண்ணன் மகன் சென்னையிலிருந்து பைக்கிலேயே ஊருக்கு வந்தான். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 411 சிசி. ஸ்பிட்டி, லடாக்னு சுத்தின வண்டி. வந்த மறுநாள் காலையில மாட்டுக்கொட்டகைக்குள்ள நுழைஞ்சவன், கோழி முட்டையிடுற தொட்டியைப் பார்த்து நின்னுட்டான்.

"சித்தப்பா, இது சைடுகார் இல்ல?"

சைடுகார்தான். எங்க பெரியப்பா எழுபதுகளோட நடுவுல புல்லட்டோட சேர்த்து ஓட்டினது. புல்லட்டை அவர் காலத்துக்கப்புறம் வித்தாச்சு. வாங்கினவருக்கு சைடுகார் வேண்டாம். அதனால வைக்கோல், சாக்கு, கோழின்னு முப்பது வருஷத்துக்கு மேல அங்கேயே கிடந்தது.

பெரியம்மாவுக்கு இப்ப எண்பது தாண்டிடுச்சு. முட்டி மடங்காது. பைக்ல பின்னாடி ஏறி உட்கார வழியே இல்ல. பேரன் கணக்கு சுலபமா இருந்தது: சைடுகாரை ஹிமாலயன்ல பூட்டுவோம், ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவுக்கு அப்பாயியை காரைக்கால் அம்மையார் கோயிலுக்கு அதுலயே கூட்டிட்டுப் போவோம். பெரியம்மாவும் சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டாங்க. அப்படித்தான் இந்த வேலையில நான் மாட்டினேன். மாட்டின பிறகுதான் இந்தத் தொட்டிக்கு எவ்வளவு பெரிய கதை இருக்குன்னு தெரிஞ்சுது.

சைடுகாரோட ஆரம்பம் மோட்டார் சைக்கிளே இல்ல, சைக்கிள். 1893ல பிரான்சுல ஒரு பத்திரிகை, சைக்கிள்ல இன்னொரு ஆளை ஏத்திக்கிட்டுப் போக நல்ல வழி சொல்றவங்களுக்குப் பரிசுன்னு அறிவிச்சது. பெர்த்தூங்கற ராணுவ அதிகாரி சைக்கிள் பக்கத்துல ஒரு சக்கரம், அதுக்கு மேல ஸ்ப்ரிங் வச்ச ஒரு இருக்கைன்னு செஞ்சு பரிசை வாங்கினார். அப்ப நம்ம காரைக்காலும் பிரெஞ்சுக்காரங்க கையிலதான் இருந்தது. 1739லேர்ந்து அவங்க வச்சிருந்த ஊர்; 1954 நவம்பர் 1ல நிர்வாகம் இந்தியா கைக்கு வந்து, 1962 ஆகஸ்ட் 16ல சட்டப்படி இணைஞ்சது.

மோட்டார் சைக்கிளுக்கு அது வந்தது 1903ல. இங்கிலாந்துல என்ஃபீல்டுங்கற ஊர்க்காரர் கிரஹாம் தற்காலிகக் காப்புரிமை வாங்கினார். ராயல் என்ஃபீல்டு கம்பெனிக்குப் பேர் வந்ததும் அதே ஊர்ல இருந்த துப்பாக்கித் தொழிற்சாலையை வச்சுத்தான். 1912ல அந்தக் கம்பெனி 770 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி ஒண்ணை சைடுகாரோட சேர்த்தே வித்தது. அதே வருஷம் பர்மிங்ஹாம்ல வாட்சோனியன் சைடுகார் கம்பெனி ஆரம்பிச்சுது. அதை ஆரம்பிச்சவர் வீட்டுச் சந்து ரொம்பக் குறுகல். சைடுகாரோட வண்டி உள்ள போகாது. அதனால மடக்கற சைடுகார் செஞ்சாராம். பெரிய தொழில் எல்லாம் இப்படி வாசல் பிரச்சனையிலதான் தொடங்குது போல.

அடுத்த நாற்பது அம்பது வருஷத்துக்கு, கார் வாங்க முடியாத குடும்பத்துக்கு இங்கிலாந்துல சைடுகார்தான் கார். அங்க இருந்த வண்டிக் கம்பெனிகளும் இதை மனசுல வச்சே வண்டி செஞ்சாங்க. சைடுகார் இழுக்கறதுக்குன்னு பல் குறைஞ்ச ஸ்ப்ராக்கெட், ஹேண்டில் லேசாத் திரும்பற மாதிரி தனி ஃபோர்க் எல்லாம் கேட்டா கிடைக்கும். பாந்தர்னு ஒரு வண்டிக்கு சைடுகார் இழுக்கறதுதான் பேரே. சாலையில நின்னுபோன கார்களுக்கு உதவற ஆட்களும் பி.எஸ்.ஏ. எம்21 வண்டியில சைடுகார் பூட்டித்தான் சுத்தினாங்க. 1959ல மினி கார் வந்தது, விலை சுமார் 500 பவுண்டு. அதோட குடும்பங்க எல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு.

நம்ம நாட்டுக் கதை கொஞ்சம் வேற. 1955ல சென்னையில மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல புல்லட் வர ஆரம்பிச்சுது. ராணுவமும் போலீசும் அதை விரும்பி எடுத்தது எல்லாருக்கும் தெரியும். 1970 வாக்குல இங்கிலாந்துக் கம்பெனியையே மூடிட்டாங்க. ஆனா திருவொற்றியூர் நிக்கல. 1977ல இங்கேர்ந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆச்சு.

புல்லட்டோட கட்டுமானம் பல பத்து வருஷம் பெருசா மாறவே இல்ல. குறைன்னு சொல்றவங்க சொல்லலாம். ஆனா அதனாலதான் ஒரு ஊர்ல ஒரு பட்டறைக்காரருக்கு சைடுகார் பூட்டற கை வந்துட்டா, அவர் ஆயுசு முழுக்க அதே கை செல்லுபடி ஆச்சு. எங்க கிளாம்பு, எவ்வளவு இறுக்கம், எவ்வளவு சாய்வு, எல்லாம் மனப்பாடம். தகரத் தொட்டியும் பைப் ஃப்ரேமும் உள்ளூர்லயே அடிச்சுக் குடுத்தாங்க. வெஸ்பா, லாம்ப்ரெட்டா ஸ்கூட்டருக்குக்கூட குட்டி சைடுகார் இருந்தது. 1975ல ஷோலே படத்துல பி.எஸ்.ஏ. சைடுகார் வந்தப்ப, அது யாருக்கும் விநோதமா இருந்திருக்காது.

இங்கே அதை ஓரங்கட்டினது முதல்ல கார் இல்ல, சின்ன வண்டி. 1980ல டிவிஎஸ் 50 வந்தது. ரெண்டு பேர் உட்காரலாம், மூட்டை வைக்கலாம், வரப்புல தள்ளலாம். 1984-85ல 100 சிசி ஜப்பான் கூட்டு வண்டிகள் வந்தது. பெட்ரோல் குடிக்காது, ஆனா சைடுகாரை இழுக்கற தெம்பு அதுகளுக்குக் கிடையாது. இதுக்கு நடுவுல 1983 டிசம்பர்ல மாருதி 800, 47,500 ரூபாய். வசதி வந்தவன் காருக்குப் போனான், வராதவன் மொபெட்டுக்குப் போனான். நடுவுல இருந்த சைடுகார் கொட்டகைக்குப் போச்சு.

இப்ப எங்க கொட்டகைக்குத் திரும்ப வருவோம். காரைக்கால்ல பழைய புல்லட் பார்த்த வெல்டிங் பாய் ஒருத்தர் இருக்கார். வயசு எழுபது. வந்து சைடுகாரைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். தொட்டியோட அடித்தகரம் துருவில் போயிருந்தது, பைப் நல்லா இருந்தது. அப்புறம் ஹிமாலயனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசல.

"தம்பி, இதுல எதைப் பிடிச்சுக் கட்டறது?"

அதுதான் பிரச்சனை. சைடுகாருக்கு நாலு பிடிமானம் வேணும். கீழ ரெண்டு, அது பாரம் தாங்கறது. மேல ரெண்டு, அது சாய்வைத் திருத்தறது. புல்லட்ல என்ஜினுக்கு முன்னால ஒத்தைக் குழாய், சீட்டுக்கு அடியில ரெண்டு பக்கமும் வெளியில தெரியற குழாய்னு கிளாம்பு போட இடம் இருக்கும். ஹிமாலயன்ல பின்னால ஒரே ஷாக், அதுவும் உள்ள ஒளிஞ்சிருக்கு. டேங்க் பக்கத்துல கம்பி தெரியுதே, அதுல கட்டலாமேன்னு பையன் கேட்டான். "அது டின்னு மாட்ற கம்பி, உங்க பாட்டியை மாட்ற கம்பி இல்ல"ன்னார் பாய்.

இன்னும் இருக்கு. ஹிமாலயனோட முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17. சைடுகார் சக்கரம் 19. ஹிமாலயன் கரடுமுரடு பாதைக்குச் செஞ்சது, அதனால ஷாக் முன்னால 200 மில்லிமீட்டர், பின்னால 180 மில்லிமீட்டர் அமுங்கும். மலைப்பாதையில அது வரம். சைடுகார் பக்கத்துல இருந்தா, வண்டி ஒவ்வொரு பிரேக்குக்கும் தலையாட்டும், தொட்டி சேர்ந்து ஆடும்.

வண்டியோட சேஸிஸ்ல வெல்டு வைக்கவே மாட்டேன்னு பாய் முதல்லயே சொல்லிட்டார். சூடு பட்ட இடம் பின்னால எப்ப விரியும்னு சொல்ல முடியாது. அதனால வண்டியோட போல்ட் இருக்கற இடங்களையே பிடிச்சு, என்ஜினுக்கு அடியில ஒரு தனிக் கூடு செஞ்சார். அந்தக் கூட்டுல சைடுகாரைப் பூட்டினார். பிறகு அளவு. வண்டி ரெண்டு சக்கரத்தையும் ஒட்டி ஒரு நேர்ப்பலகை, சைடுகார் சக்கரத்தை ஒட்டி இன்னொண்ணு. ரெண்டு பலகைக்கும் நடுவுல பின்பக்கம் இருக்கற இடைவெளியைவிட முன்பக்கம் முக்கால் அங்குலம் குறையணும். இல்லேன்னா வண்டி ஒரு பக்கமாவே இழுக்கும், டயரும் தேயும். சைடுகார் சக்கரம் பைக்கோட பின்சக்கரத்தைவிட ஒரு சாண் போலக் கொஞ்சம் முன்னால நிக்கணும். பைக் சைடுகாரை விட்டு வெளிப்பக்கமா கடுகளவு சாஞ்சிருக்கணும், ஆள் ஏறினதும் நேராகும். நம்ம ரோடு நடுவுல மேடு, ஓரத்துல சரிவு. அதுக்கும் அந்தச் சாய்வு கணக்கு.

மூணாவது வாரம் களத்துல வச்சு ஓட்டிப் பார்த்தோம். பையன் இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டினவன். முதல் வளைவுலயே வைக்கோல் போர்ல போய் முட்டினான். அடி ஒண்ணும் இல்ல. காரணம் என்னன்னா, ரெண்டு சக்கர வண்டியை வேகத்துல நாம சாய்ச்சுத்தான் திருப்பறோம். இடது பக்கம் போகணும்னா இடது ஹேண்டிலை லேசா முன்னால தள்ளுவோம், வண்டி சாயும். இது நமக்கே தெரியாம கை செய்யற வேலை. மூணாவது சக்கரம் வந்துட்டா வண்டி சாயாது. இடது ஹேண்டிலைத் தள்ளினா வலது பக்கம்தான் போகும். எத்தனை வருஷப் பழக்கம் இருக்கோ, அத்தனையும் எதிரி.

அடுத்த ரவுண்டுல இடது பக்கம் திரும்பும்போது, காலித் தொட்டியோட சக்கரம் தரையை விட்டு எழும்பிடுச்சு. சைக்கிள் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. எனக்கு வயிறு கலங்கிப்போச்சு. அந்த இடத்துல பெரியம்மா உட்கார்ந்திருந்தா?

திண்ணையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்த பெரியம்மாதான் சொன்னாங்க: "காலியா ஓட்டாதடா. உங்க தாத்தா நான் வராத அன்னிக்கு விதைநெல்லு மூட்டை ஒண்ணைப் போட்டுக்குவாரு. நான் வந்தா, இடப்பக்கம் திரும்பறப்ப நான் வெளிப்பக்கம் சாஞ்சுக்குவேன். வலப்பக்கம்னா அவரு பக்கம் ஒட்டிக்குவேன். பிரேக்கு புடிச்சா முன்னாடி கம்பியைப் புடிச்சு காலை ஊனிக்கணும்."

நாங்க எல்லாரும் சும்மா நின்னோம். மூணு வாரமா பலகை, அளவு, கிளாம்புன்னு பேசினோம். ஒருத்தரும் அவங்களைக் கேட்கல. அவங்க அந்தத் தொட்டியில வெறுமனே உட்கார்ந்து போன ஆள் இல்ல, வண்டியோட பாதி ஓட்டுநர். சைடுகாரைப் பத்தி எழுதினவங்க எல்லாம் என்ஜினையும் ஓட்டினவரையும் எழுதினாங்க. பக்கத்துல உட்கார்ந்தவங்க கையில இருந்த வித்தையை யாரும் கேட்டு வைக்கல. புது டூரிங் வண்டியைச் செஞ்சவங்க மனசுல ஒருத்தன் தனியா மலையேறற படம்தான் இருந்திருக்கு. பழைய வண்டியைச் செஞ்சவங்க மனசுல பக்கத்துல ஒரு ஆள் இருந்தாங்க. ஃப்ரேமைப் பார்த்தாலே அது தெரியுது.

அம்பது கிலோ மணல் மூட்டை போட்டதும் சக்கரம் எழும்பல. வேகமெடுத்தா இடது பக்கம் இழுத்தது, பிரேக் போட்டா வலது பக்கம் இழுத்தது. பாய் அதுதான் வழக்கம்னார், பழகணும்னார். ஆனா ரோட்டுல இறக்கக் கூடாதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல மோட்டார் சைக்கிள்னா என்னன்னு சொல்ற இடத்துல, கழட்டி மாட்டற சைடுகாரும் அதுல சேர்த்திதான்னு எழுதியிருக்கு. ஆனா அதே சட்டத்தோட 52வது பிரிவு, ஆர்.சி.யில இருக்கறதுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் மீறினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறைகூட உண்டு. அனுமதி வாங்கி ஆர்.சி.யில ஏத்தினாத்தான் முறை. இன்சூரன்சும் அப்பத்தான் நிக்கும். பையனுக்கு முகம் தொங்கிப்போச்சு. இருந்தாலும் எண்பது வயசு உடம்பை வச்சு நாம பரீட்சை எழுத முடியாது.

மாங்கனி அன்னிக்கு ஆட்டோவிலதான் போனோம். பெரியம்மா மடியில ரெண்டு மாம்பழம் விழுந்தது.

ஆனா அதுக்கு முந்தின சாயங்காலம், மணல் மூட்டையை இறக்கிட்டு அவங்களே தொட்டியில உட்காரணும்னு அடம் பிடிச்சாங்க. நாங்க ரெண்டு பேர் பிடிச்சு ஏத்தினோம். பாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கூடவே நடக்க, பேரன் முதல் கியர்ல களத்தை மூணு சுத்து சுத்தினான். நடக்கற வேகம்தான், சக்கரம் எழும்ப வாய்ப்பே இல்ல. ஆனாலும் ஒவ்வொரு இடது வளைவுலயும் பெரியம்மா தானா வெளிப்பக்கம் சாஞ்சாங்க.

இறங்கினதும் கேட்டாங்க: "தொட்டியை எடுத்துட்டீங்க, கோழி எங்கடா முட்டையிடும்?"

பழைய கூடை ஒண்ணு வச்சிருக்கோம். அனுமதிக்கு மனு போட்டிருக்கு.