வீட்டு முற்றத்தில் ஆயில் மாற்றுதல்

1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் தயாரிக்கப்பட்ட ஃபோர்டு மாடல் டி காரில் ஆயில் பம்போ, அழுக்கைப் பிடிக்கும் ஃபில்டரோ இல்லை. சுழலும் பாகங்கள் வாரியிறைத்த ஆயிலே எஞ்சினை நனைத்தது. அளவு பார்க்கும் குச்சியும் இல்லாததால், உரிமையாளர் வண்டிக்கடியில் புகுந்து, மேலும் கீழுமாக அமைந்த இரு சிறு திருகுகுழாய்களைத் திறந்து, ஆயில் மட்டம் அவற்றுக்கு நடுவே நிற்கிறதா என்று அறிய வேண்டியிருந்தது. சட்டை கறைபடாமல் இதைச் செய்தவர் அரியர். 1923இல் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் உருவாக்கிய பியூரோலேட்டர் என்னும் வடிகட்டி, கரியையும் உலோகத்துகளையும் தடுத்து ஆயிலின் ஆயுளை நீட்டியது. மறு ஆண்டே கிறைஸ்லர் கார் அதை ஏற்றது. எனினும் வீட்டிலேயே ஆயில் மாற்றும் வேலையை உண்மையில் எளிதாக்கியது, 1950களில் வந்த, டப்பாவோடு திருகிக் கழற்றும் ஃபில்டரே. வடித்த பழைய ஆயிலோ, புழுதி அடங்கவென்று மண்சாலைகளில் நெடுங்காலம் ஊற்றப்பட்டது.