தோட்டத் தொழிலாளியின் முதுமைக் காலம்



பால்மரத்துக்கு வயதாகிப் பால் வற்றிவிட்டால், அதைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். அந்த மரங்களில் பால் வெட்டியே வயதானவருக்கு என்ன ஏற்பாடு இருந்தது? இன்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உதவி கேட்டு எங்கே போவது என்பதற்கான விடையும் இந்த வரலாற்றிலேதான் இருக்கிறது.

1907 ஆம் ஆண்டில் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று சட்டப்படி அமைக்கப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளர் செய்த வேலையைக் கணக்கிட்டு, முதலாளிமார் அதற்குப் பணம் கட்டினர். புதிய ஆட்களைக் கப்பலேற்றி அழைத்து வரவும், வேலை செய்ய முடியாமற்போன முதியவரையும் நோயாளியையும் ஊருக்குத் திருப்பி அனுப்பவும் அந்தப் பணம் உதவியது. ஆக, அந்நாளில் முதுமைக்குக் கிடைத்த உதவி என்பது பெரும்பாலும் ஒரு கப்பல் சீட்டுதான். 1930 ஆம் ஆண்டுக்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்தபோதும் பல்லாயிரவர் அவ்வாறே அனுப்பப்பட்டனர்.

1938 இல் இந்திய அரசாங்கம் கூலிகளை அனுப்புவதைத் தடை செய்தது. இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே மூத்தவர்களின் தொகை பெருகியது. அவர்களுக்குக் கப்பல் சீட்டால் என்ன பயன்? 1958 இல் அந்த நிதி, தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்ற பெயரில், தொழிலாளர் குடும்பங்களின் நலனுக்கென மாற்றியமைக்கப்பட்டது. 1999 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் அது கலைக்கப்பட்டது. “அந்த நிதியில் எங்களுக்குப் பணம் இருக்கிறது” என்று இன்னும் காத்திருக்கும் பெரியவர்கள் இருந்தால், பிள்ளைகள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது.

ஆனால் வேறு மூன்று கதவுகள் திறந்திருக்கின்றன.

முதலாவது, 1951 இல் சட்டமான ஊழியர் சேமநிதி. தொழிலாளி நூற்றுக்கு 5, முதலாளி நூற்றுக்கு 5 என்று தொடங்கிய சேமிப்பு இது. இது தொழிலாளியின் சொந்தப் பணம். தோட்டம் கைமாறிய காலத்திலும், துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்திலும் வேலை மாறியவர்கள், பழைய சந்தாக்கள் எல்லாம் கணக்கில் சேர்ந்தனவா என்று சேமநிதி அலுவலகத்தில் விசாரிக்கலாம். வாரிசை நியமனம் செய்யாமல் ஒருவர் இறந்துவிட்டால், குடும்பம் பணத்துக்காக அலைய நேரிடும். ஆகவே நியமனப் பாரத்தை உயிரோடிருக்கும்போதே நிரப்பிவிடுவது நல்லது.

இரண்டாவது, 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971 இல் செயற்படத் தொடங்கிய சொக்சோ. இது வேலையிடத்து விபத்துக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். சந்தா கட்டி வந்த கணவர் இறந்துபோனால், விதிமுறைகளுக்கு உட்பட்டு, மனைவிக்கு மாதாந்திர ஓய்வூதியம் கிடைக்க இடமுண்டு.

மூன்றாவது, 1946 இல் தோன்றிய சமூகநல இலாகா. 60 வயதைக் கடந்து, போதிய வருமானமின்றி, ஆதரிக்கப் பிள்ளைகள் இல்லாமலோ, பிள்ளைகளுக்கு ஆதரிக்கும் வசதி இல்லாமலோ இருக்கும் குடிமக்களுக்கு இது மாத உதவி வழங்குகிறது. 350 வெள்ளியாக இருந்த தொகை 2021 இல் 500 வெள்ளியாகவும், 2025 இல் 600 வெள்ளியாகவும் உயர்ந்தது. விண்ணப்பத்தை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அதிகாரிகள் வீட்டுக்கு வந்து விசாரித்து முடிவு செய்வார்கள். யாருமற்ற முதியவர்களுக்கென பீடோங், தைப்பிங், செங் போன்ற இடங்களில் ருமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்களும் உள்ளன.

இந்த மாத உதவி குடிமக்களுக்கு உரியது என்றோம். நம்மவர் பலருக்குத் தடையானது அதுவே. 1957 இல் நாடு விடுதலை பெற்றபோது, ஏற்கெனவே இங்கு வாழ்ந்தவர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்ற ஏற்பாடு இருந்தது. முதல் ஓராண்டுக்கு மலாய்மொழித் தேர்வுகூடத் தேவைப்படவில்லை. வெட்டுக்கும் நிறைக்கும் நடுவே நாளை ஓட்டியவர்களில் எத்தனையோ பேர் அந்த வாய்ப்பைத் தவறவிட்டனர். 1968 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றபோது, அந்தத் தாளின் விலை தெரிந்தது. பல்லாயிரம் பேர் கப்பலேறினர். தங்கிவிட்டவர்கள் சிலர் சிவப்பு அடையாளக் கார்டுடனேயே முதுமை அடைந்தனர்.

லயத்து வீடும் வேலையோடு ஒட்டியது. வேலை ஓய்ந்ததும் வீட்டைக் காலி செய்யும் நாளில் பழைய தகரப் பெட்டியோடு தாள்களும் குப்பைக்குப் போனதுண்டு. பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், சம்பளச் சீட்டு, சேமநிதி எண், கணவரின் மரணப் பத்திரம் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். அடையாளக் கார்டிலும் பத்திரங்களிலும் பெயர் வெவ்வேறாக இருந்தால், தேசியப் பதிவிலாகாவில் இப்போதே விசாரியுங்கள்.

“அரசாங்கத்திடம் கையேந்துவதா?” என்று கூச்சப்படும் தாத்தாவும் பாட்டியும் நம்மிடையே உண்டு. காடாயிருந்த மண்ணைத் தோட்டமாக்கியவர்கள் அவர்கள். கேட்பது பிச்சையாகாது. அவர்கள் கூச்சப்பட்டாலும், பாரத்தை எழுதிக்கொடுத்து உடன் போவது பேரப்பிள்ளைகளின் கடமை.